வீட்டிலே பூட்டும் கம்ப்யூட்டர்

ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கச் செல்லும் நம் தஞ்சை விவசாயி, விலை குறைந்தது எது என்று மட்டும் கேட்பதில்லை. கிணற்றின் ஆழம், குழாயின் அங்குலம், மின்சாரம் ஒருமுனையா மும்முனையா என்பவற்றை எண்ணிப் பார்த்தே வாங்குகிறார். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொள்ள விரும்புவோருக்கும் இதே நிதானம் வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கும், பட்டா, சிட்டா முதலியவற்றை இணையத்தில் பார்ப்பதற்கும், பஞ்சாயத்து நூலகத்தில் இளைஞர்கள் பழகுவதற்கும் இந்த யந்திரம் உதவும். ஆனால் சம்பா நெல் விற்ற பணத்தைக் கொண்டு சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த உறுப்பு மற்றொன்றுடன் சேராவிட்டால், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மறுபடியும் பயணம் செய்ய நேரிடும். பிரித்த சரக்கைத் திரும்பப் பெறக் கடைக்காரர் இசைவார் என்பதும் நிச்சயமில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராசசர். கணக்கிடும் உறுப்பு அதுவே. அது அமரும் பலகை மதர்போர்டு. அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏஎம்4 வகைப் பிராசசர் ஏஎம்4 பலகையில் மட்டுமே அமரும். 2022இல் வந்த ஏஎம்5 பலகையில் அமராது. இன்டெல் பிராசசருக்கு இவ்விரண்டும் ஆகா. குறுவைக்கு உரிய விதையைத் தாளடியில் விதைத்தால் முளைக்கவாவது செய்யும். சாக்கெட் தவறினாலோ யந்திரம் உயிர் பெறாது.

சாக்கெட் ஒன்றாயிருப்பதும் போதாது. பழைய ஏஎம்4 பலகை, பின்னால் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசரை அறிய வேண்டுமானால் அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தெந்தப் பிராசசர் பொருந்தும் என்ற பட்டியலைப் பலகை செய்த கம்பெனியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட அதையே நாம் நம்பலாம்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். ரைசன் 5 5600ஜி என்பதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உள்ளேயே இருக்கிறது. 5600 என்பதில் இல்லை. இன்டெலிலும் எஃப் என முடியும் வகைகளில் அது கிடையாது. சில நூறு ரூபாய் மிச்சம் என்று எண்ணி அவ்வகையை வாங்கினால், தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கும் வரை திரை இருண்டே இருக்கும்.

ராம் என்னும் நினைவுப் பலகையில் ஏமாறுவது எளிது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே, நீளமும் ஒன்றே. ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் துளையில் மற்றொன்று நுழையாது. அழுத்திப் பார்ப்பது பலகையைக் கெடுக்கும். ஏஎம்4க்கு டிடிஆர்4, ஏஎம்5க்கு டிடிஆர்5 என்று நினைவில் கொள்க. 2025இன் பிற்பகுதியில் ராம் விலை பெரிதும் ஏறியது. ஆகவே இப்போது 8 ஜிபி ஒன்றை வாங்கி, இன்னொரு துளையை அடுத்த அறுவடைக்கு விட்டுவைப்பதில் தவறில்லை என்பது நம் கருத்து.

சிக்கனம் ஆகாத உறுப்பு எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. கேபினட்டுடன் இலவசமாக வருவதை நம்பற்க. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத யந்திரத்துக்கு நல்ல கம்பெனியின் 450 வாட் தாராளம். வீட்டில் எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது நலம். சிறிய யு.பி.எஸ். ஒன்றும் தேவை. 2018 நவம்பரில் கஜா புயலின்போது டெல்டாக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை மறக்கவில்லை. அத்தகைய இருளுக்கு யு.பி.எஸ். மருந்தன்று. வேலையைச் சேமித்து யந்திரத்தை முறைப்படி நிறுத்தச் சில நிமிஷம் தரும், அவ்வளவே.

பழைய சரக்கை மலிவாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. மிகப் பழைய பிராசசர்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அவற்றில் விலையில்லாத லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். களத்தில் நெல் தூற்றும் நாட்களில் யந்திரத்தை நிறுத்தித் துணியால் மூடிவைக்க வேண்டும். தூசு காற்றாடியில் படிந்தால் பிராசசர் சூடேறும்.