மீனுக்கும் வைத்தியம் உண்டு

சுசீந்திரத்துக்குப் பெயர் வந்த வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். கௌதம முனிவரின் சாபத்தால் வருந்திய தேவேந்திரன் இத்தலத்தில் வழிபட்டுச் சுத்தி அடைந்தான் என்பது ஐதிகம். 'சுசி' என்றால் தூய்மை. தூய்மையே பரிகாரம் என்று ஊரின் பெயரே உபதேசம் செய்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி எழுதப் புகுந்த நமக்கு, இதைவிடப் பொருத்தமான தலம் வேறு அகப்படுமென்று தோன்றவில்லை.

தாணுமாலயன் சந்நிதிக்கு வெளியே தெப்பக்குளம். சற்று அப்பால் பழையாறு. அதற்கும் அப்பால் வயல்களும், தேரூர் வரையில் பறவைகள் வந்து தங்கும் குளங்களும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் பட்டியலில் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022-ல் இடம் பெற்றன. இவ்வளவு தண்ணீர் சூழ்ந்த ஊரிலும், வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து அதில் இரண்டு தங்க மீன்களை விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதில் குழந்தைகளுக்கு உள்ள ஆனந்தமே தனி. குளத்து மீனுக்குத் தண்ணீர் பிடிக்காவிட்டால் வேறு மூலைக்குப் போகலாம். தொட்டி மீனுக்கு அந்த வசதி இல்லை. அது உண்பதும் கழிப்பதும் சுவாசிப்பதும் அதே நீரில்தான். ஆகவே அதன் க்ஷேமம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

முதல் மருந்து

மீன் சோர்ந்து அடியில் கிடக்கிறது, அல்லது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, துடுப்புகளை ஒடுக்கிக்கொள்கிறது, தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உடனே கடைக்கு ஓடி ஏதாவது ஒரு சீசாவை வாங்கி வந்து ஊற்றுவதுதான் பலருடைய வழக்கம். இது சரியன்று. முதலில் பரிசோதிக்க வேண்டியது மீனை அல்ல, நீரை.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் கழிவை இடைவிடாமல் வெளியிடுகிறது. அது மீனுக்கே விஷம். தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விட்டு, மறு வாரமே அவற்றைப் பறிகொடுத்தவர்களின் துயரத்துக்குக் காரணம் இதுதான்.

ஆகவே, நோயின் அறிகுறி கண்டதும் நீரில் கால் பங்கை மாற்றுக. முழுவதையும் ஒரேயடியாக மாற்றி, வடிகட்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டால், உதவி செய்த நுண்ணுயிர்களும் ஒழிந்துபோகும். குழாய் நீரில் குளோரின் இருக்குமாகையால் அதை ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து, அல்லது கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். கிணற்று நீரானால் சற்றுநேரம் காற்றுப்பட விட்டு, தொட்டி நீரின் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுவது நலம்.

அதோடு இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி வைக்கலாம். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கைகள், வீட்டுத் தொட்டியிலும் தாராளமாக அள்ளிப் போடுகின்றன. உண்ணாமல் மிஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கிறது. லங்கணம் பரம ஔஷதம் என்பது மனிதருக்கு மட்டும் சொன்னதன்று.

உப்பின் மகிமை

சுசீந்திரத்திலிருந்து தெற்கே போனால் புத்தளம், சாமித்தோப்புப் பக்கங்களில் உப்பளங்கள் இருக்கின்றன. அங்கே விளையும் சாதாரணக் கல்லுப்பே நன்னீர் மீனுக்குக் கைகண்ட மருந்து.

காரணம் சுலபமானது. மீனின் உடம்பிலுள்ள நீர், தொட்டி நீரைவிட உப்பு மிகுந்தது. எனவே வெளி நீர் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே புகுந்துகொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அதை இறைத்து இறைத்து வெளியேற்றுகிறது. தோலில் காயம் பட்டால் மடை திறந்த கதைதான். அப்போது வெளி நீரிலும் சிறிது உப்பைச் சேர்த்தால் இறைக்கும் வேலை குறைகிறது. மீதமாகும் பலம் காயத்தை ஆற்றச் செல்கிறது.

லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒன்றிரண்டு நாட்களில் பகுதி பகுதியாகச் சேர்க்க வேண்டும். செதிளில்லாத கெளுத்தி இனங்களும் நீர்ச்செடிகளும் உப்பை அதிகம் தாங்கா. உப்பு ஆவியாகிப் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நீரை மாற்றும்போது, எடுத்த நீருக்குரிய அளவு மட்டுமே மீண்டும் சேர்க்கத் தகும்.

துடுப்பு கிழிந்த மீன், அடிப்பகுதி சேதமாகாதிருந்தால், அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். உதிர்ந்த செதிளும் முளைக்கும். காயத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சை. அதற்கு உப்போடு மெதிலீன் நீலமும் உதவும். ஆனால் இந்த நீலம் வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களையும் கெடுக்கக்கூடுமாதலால், நோயாளியை வேறு பாத்திரத்தில் வைத்தே பிரயோகிக்க வேண்டும்.

பிள்ளைகள் பெருத்த பேன்

சுசீந்திரத்தில் நமக்கு வேண்டிய ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த தங்க மீனின் மேல் உப்புக் கல்லைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டன. மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. வீட்டுச் சிறுமி அன்று பள்ளிக்கூடம் போக மாட்டேனென்று தொட்டியருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர், "கொண்டு போய்த் தெப்பக்குளத்தில் விட்டுவிடுங்கள், புண்ணியமாவது உண்டு" என்று யோசனை கூறினார். அதற்கு அவ்வீட்டுப் பாட்டியார், "நம்ம மீனுக்கு வந்த தீனத்தைக் கொளத்து மீனுக்கும் கொடுக்கணுமாக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சாஸ்திர நிபுணர்களும் சபாஷ் சொல்வார்கள்.

அந்த வெள்ளைப் புள்ளி ஓர் ஒட்டுண்ணியின் வேலை. 1876-ல் பூக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அதற்குச் சூட்டிய லத்தீன் பெயருக்கு, 'பிள்ளைகள் பெருத்த மீன் பேன்' என்று பொருள் சொல்லலாம். தேரூரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் பிறந்ததும், முன்சொன்ன மெதிலீன் நீலம் ஜெர்மனியில் முதன்முதல் தயாரானதும் அதே 1876-ல்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

பேனின் பெயர் மிகையன்று. தோலுக்கடியில் கொழுத்த பேன் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒரு கூட்டுக்குள் அடங்கி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை வெளிவந்து நீந்தி, இரண்டொரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றியாக வேண்டும், இல்லையேல் மடியும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தீண்டாது. நீந்தும் பருவத்தில்தான் உப்போ மருந்தோ அதை வெல்லும். புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று மருந்தை நிறுத்துவது, எதிரி கோட்டைக்குள் புகுந்து படை திரட்டும் வேளையில் காவலை எடுப்பதற்கு ஒப்பாகும். நாஞ்சில் நாட்டு வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். எனவே புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடர்வது அவசியம். அந்த இல்லத்திலும் அவ்வாறே செய்தார்கள். மீன் பிழைத்தது, சிறுமியும் மறுபடி பள்ளிக்கூடம் சென்றாள்.

இயற்கையின் வைத்தியர்

நம் கழிமுகங்களில் வாழும் பள்ளத்தி என்ற சிறு மீன், தன் உறவினனான கரிமீனின் உடம்பில் ஒட்டியவற்றைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கிறது. மனிதரோ கத்தியையே எடுத்துவிட்டார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் பிராணி வைத்தியசாலை ஒன்றில், ஜார்ஜ் என்ற தங்க மீனின் தலையில் வளர்ந்த கட்டியை அறுத்தெடுத்தார்கள். மயக்க மருந்து கலந்த நீரை அதன் செவுள்களில் ஓடவிட்டுச் சுமார் 45 நிமிஷம் சிகிச்சை நடந்தது. ஜார்ஜ் பிழைத்துத் தன் குளத்துக்குத் திரும்பியது.

எல்லா நோயும் அவ்விதம் தீர்வதில்லை. வயிறு வீங்கி, செதிள்கள் பலாப்பழத் தோல்போல் சிலிர்த்துவிட்டால், உள்ளுறுப்புகள் கெட்டன என்றறிய வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரைகளை அப்போது தொட்டியில் போடுவது வீண். அது மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். மீன் நோயறிந்த கால்நடை மருத்துவரிடமோ, தூத்துக்குடியில் 1977-ல் தோன்றிய மீன்வளக் கல்லூரி போன்ற நிலையங்களிலோ யோசனை கேட்கலாம். பிழைக்காதென்று உறுதியானால், கிராம்புத் தைலத்தைப் போதிய அளவு கலந்த நீரில் விட்டு உறக்கத்திலேயே உயிர்பிரியச் செய்வது கருணை. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்புக்கு இப்படியும் ஒரு உபயோகம்.

குளத்துக்கு ஒரு வார்த்தை

பாட்டியாரின் கேள்விக்குத் திரும்புவோம். 1988-ல் வடகிழக்கு எல்லை வழியாக நம் நாட்டில் புகுந்த புண் நோய் ஒன்று, சில ஆண்டுகளில் தென் கோடி வரையில் பரவி, விரால் முதலிய மீன்களை உடம்பெல்லாம் ரணமாக்கிக் கொன்றது. சந்தைக்கு வந்த மீனை வாங்குவாரில்லாமல் மீன் பிடிப்போர் குடும்பங்கள் வாடின. குளங்களில் சுண்ணாம்பு இட்டார்கள். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் 'சிஃபாக்ஸ்' என்ற மருந்தைத் தயாரித்தது. நோயுள்ள மீனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு போவதில் உள்ள அபாயத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆதலின், புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்க. தொட்டி மீனை, நோயுள்ளதாயினும் இல்லாததாயினும், தெப்பக்குளத்திலோ பழையாற்றிலோ விடாதிருக்க. அந்த நீரில் வாழும் கெண்டைக்கும் விராலுக்கும், அவற்றை நம்பிப் பறந்து வரும் பறவைகளுக்கும் வைத்தியர் யாரும் இல்லை. அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய வைத்தியமெல்லாம், ஊரின் பெயரில் இருக்கும் சுசியை ஊரின் நீரிலும் இருக்கச் செய்வதுதான்.