அப்பாவின் கையெழுத்து

வாழைச்சேனையில் விவாகப் பதிவாளராக இருக்கிற என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி: “பெத்தவன் நானே கையெழுத்து வைக்கிறன், பொறகென்ன ஐயா?” மகளுக்கு 17 வயது. மாப்பிள்ளை கட்டாருக்குப் போக டிக்கட் போட்டாச்சாம்.

பெற்றோர் சம்மதித்தால் சின்ன வயதிலேயே பதிந்த காலம் இருந்தது உண்மைதான். 1995ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 என்று கோடு போட்டது. சம்மதம் பற்றிய பழைய பிரிவு மட்டும் சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது, குழப்பம் அதனால்தான். 2002இல் ‘குணரத்தினம் எதிர் பதிவாளர் நாயகம்’ வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தீர்த்துவைத்தது. 18க்குக் கீழே பெற்றோர் சம்மதித்தாலும் பதிவு இல்லை. 18 ஆனபின் அவர்கள் மறுத்தாலும் தடை இல்லை. இந்தப் பின்பாதியைச் சொன்னால்தான் தகப்பன்மாருக்கு முகம் கறுக்கும்!

பாலம் தாண்டினால் முஸ்லிம்கள் வாழும் ஓட்டமாவடி. அவர்களுக்குச் சட்டமே வேறு: 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதில் குறைந்தபட்ச வயதே இல்லை. 12க்குக் கீழென்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பதிவில் ‘வலி’ எனப்படும் பெண்ணின் பாதுகாவலரின் கையெழுத்து உண்டு, மணப்பெண்ணின் கையெழுத்து கட்டாயமில்லை. முஸ்லிம் பெண்களே பல்லாண்டாக 18 வயதையும் தங்கள் கையெழுத்தையும் கேட்டுவருகிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.