பிரீதர் ஓஸை கழட்டி விடுறீங்களா? இன்ஜினுக்கு ஆபத்து... உஷார்!

மதுரை: கே.கே. நகர் தெருக்களில் பழைய மாருதி 800 கார்களை இன்னமும் பார்க்கலாம். 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன கார். 796 சிசி, 3 சிலிண்டர். இதுபோன்ற வயதான சின்ன இன்ஜின்களில் அடிக்கடி வரும் புகார், 'ஏர் பில்டர் டப்பாவில் ஆயில் நிக்குது' என்பது. அதற்கு உடனே கிடைக்கும் யோசனை, 'பிரீதர் ஓஸை கழட்டி கீழே தொங்க விட்டுருங்க சார், இன்ஜின் ப்ரீயா மூச்சு விடும்'.

காசு செலவில்லாத வைத்தியம்தான். ஆனால் நோய் அப்படியே இருக்க, புது வியாதியும் சேர்ந்துகொள்ளும்.

பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு, பிஸ்டன் ரிங்குகளின் இடைவெளி வழியாக கீழே ஆயில் இருக்கும் பகுதிக்கு (கிராங்க் கேஸ்) கசியும். புது இன்ஜினிலும் இது உண்டு. அதில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி எல்லாம் இருக்கும். வெளியேறாவிட்டால் ஆயில் கெட்டு சகதியாகும். அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் ஒழுகும். ஓஸை அடைத்து விட்டாலும் இதே கதிதான்.

இதற்காகவே பிசிவி வால்வு இருக்கிறது. இன்ஜினின் உறிஞ்சும் சக்தியால் அந்த வாயுவை இழுத்து மறுபடியும் எரிய விடும். அதற்கு ஈடாக ஏர் பில்டரில் வடிகட்டிய சுத்தமான காற்று இன்னொரு ஓஸ் வழியாக உள்ளே போகும். அந்த காற்று ஓஸைத்தான் பலரும் கழட்டுகிறார்கள். அப்போது வால்வு இழுப்பது எதை? ரோட்டு புழுதியை! ஆயிலில் மண் கலந்தால் ரிங், பேரிங் எல்லாம் அரத்தால் ராவியது போல தேயும். வால்வு பக்கத்து ஓஸை கழட்டி திறந்து விட்டாலோ, காற்று கூடுதலாக புகுந்து ஐடிலிங் நிற்காமல் ஆடும்.

அப்ப என்னதான் செய்வது? முதலில் டிப்ஸ்டிக்கை பாருங்க. ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலே பில்டருக்கு ஏறிவிடும். அடுத்து வால்வு. கழற்றி ஆட்டினால் 'கட கட' சத்தம் வரணும். ஐடிலிங்கில் விரல் வைத்தால் இழுக்கணும். இல்லையென்றால் வால்வை மாற்றணும். இரண்டும் சரியாக இருந்தும், ஆயில் மூடியை திறந்தால் குபுகுபுவென புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஆயிலை பிடிக்க தனி டப்பா (கேட்ச் கேன்) மாட்டுவதில் தப்பில்லை. ஆனால் டப்பாவின் இன்னொரு முனை மறுபடி இன்ஜினுக்கே போகணும். டப்பாவை அவ்வப்போது காலி செய்யணும்.

அந்த காலத்து கார்களில் பைப்பை கீழே தொங்க விட்டுத்தான் வைத்திருந்தார்கள். புகைமூட்டத்தில் தவித்த அமெரிக்காவின் கலிபோர்னியா, 1960-களின் தொடக்கத்திலேயே அதற்கு முடிவு கட்டியது. நம் ஊர் பாரத் ஸ்டேஜ் விதிகளும் இந்த வாயுவை வெளியே விட அனுமதிப்பதில்லை. புகை பரிசோதனையில் சைலன்சரில் மட்டும்தான் குழாயை விடுவார்கள், பிரீதர் தெரியாது என்று இருந்துவிட வேண்டாம். 2019 திருத்தத்துக்கு பிறகு, மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டினால் முதல் தடவையே ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் முடங்கும்.