ஆற்றுணா

நெடுவழிச் செல்வார் உடன்கொள்ளும் உணவை நம் முன்னோர் ஆற்றுணா என்றனர். ஆறு ஈண்டு வழியைக் குறிக்கும். அதனை நாம் பசிதீர்க்கும் பொருளென்றே கருதுகின்றோம். அஃது ஒரு படையின் காலையே கட்டவும் வல்லது என்பதைக் காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூர் காட்டும்.

1780 ஆகஸ்டு 25 ஆம் நாள் கொசத்தலையாற்றங்கரையில் தங்கிய கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை, இரவில் வந்த வெள்ளம் செப்டம்பர் 3 வரை மறித்தது. காஞ்சியிலிருந்த தளபதி ஹெக்டர் மன்றோ (தாமஸ் மன்றோ அல்லர்) தாமே எதிர்சென்றிருக்கலாம். ஆயின் அவருடைய அரிசியெல்லாம் அவ்வூரிலே குவிந்திருந்தது. சுமக்க எருதுகள் போதா. விட்டகன்றால் ஹைதர் அலி கைக்கொள்வார். வழிச்செல்வார் எதை எடுப்பதென்று எண்ணுமளவு, எவர் சுமப்பதென்று எண்ணுவதில்லை போலும்! ஆகவே துணைப்படையொன்றையே விடுத்தார்.

செப்டம்பர் 10 இல் புள்ளலூரில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. காவலுக்கெனக் கொணர்ந்ததே கேடாய் முடிய, அவர் சரணடைந்தார். அடுத்து மன்றோ, இழுத்துச்செல்லவியலாத பெரும் பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு விரைந்தார். அங்கும் அவர் எதிர்பார்த்த அரிசி கிடைத்திலது.