விதைநெல்லும் பசித்த பிள்ளைகளும்

நெசவாளர்க்கு நூல் எத்தன்மையதோ, உழவர்க்கு விதைநெல் அத்தன்மையது. அடுத்த போகத்துக்கென ஒதுக்கிய நெல்லை உலையில் இடலாகாது என்பது வன்னி உழவர் வீடுகளின் கட்டுப்பாடு. அக்கட்டுப்பாடு சோதனைக்குள்ளான காலமொன்றைச் சிறுபிராயத்தில் நேரிற் கண்டோம்.

1996 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கிளிநொச்சியிற் போர் மூண்டது. எம் குடும்பம் அக்கராயன்குளப் பகுதிக்கு இடம்பெயர்ந்து, முன்பின் அறியாத உழவர் ஒருவரின் வளவிற் கொட்டில் அமைத்துத் தங்கியது. எம்மைப் போல் வேறிரு குடும்பங்களும் அங்கிருந்தன. வீட்டுக்காரரைப் பெரியப்பா என்றும், அவர் மனைவியாரைப் பெரியம்மா என்றும் அழைத்தோம்.

பொருளாதாரத் தடையினால் டீசல், மண்ணெண்ணெய், யூரியா என்பன கிடைத்தற்கரியனவாயின. உழவு இயந்திரம் மாமரத்தின் கீழ் நின்றது. எருதுகள் மீண்டும் ஏர் இழுத்தன. பசளைக்குப் பதிலாக எருவும் குழையும் வயலுக்குச் சென்றன. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு எரித்த விளக்கிலேயே பாடம் படித்தோம். விமான இரைச்சல் கேட்டால், வயலில் நின்றோர் வரம்போடு படுப்பர். வளவில் நின்றோர் பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழிக்கு ஓடுவர்.

புரட்டாதியில், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரவேண்டிய நிவாரண அரிசி வாரக்கணக்கில் வந்து சேரவில்லை. பெரியப்பாவிடம் எட்டுப் புசல் விதைநெல் இருந்தது. நான்கு ஏக்கருக்குப் போதுமானது. அதிற் சிறிது குற்றலாம் என்றார் பெரியம்மா.

“விதையைத் தின்றால் தை மாதம் எல்லாரும் பட்டினிதான்” என்றார் பெரியப்பா.

“தை மட்டும் இந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டாமோ?” என்றார் அம்மையார்.

அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. விடிந்ததும் பெரியப்பாவே இரண்டு புசல் நெல்லை அளந்து உரலடியில் வைத்தார். நான்கு வீட்டாரும் அரிசி வரும்வரை கஞ்சி குடித்தோம். அக்காலபோகத்தில் மூன்று ஏக்கரே விதைக்கப்பட்டது. ஓர் ஏக்கர் தரிசாய்க் கிடந்தது. அறுவடைக்கும் சூடடிப்புக்கும் எம் தந்தையார் கூலி பெறாது உழைத்தார். எனினும் அத்தரிசைக் கடக்கும்போது அவர் தலைகுனிந்தே நடப்பார். பெரியப்பாவோ அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

2008 இல் அவ்வூர் மக்களும் இடம்பெயர்ந்தனர். போர் 2009 வைகாசியில் முடிந்து, பெரியப்பா குடும்பத்தினர் மறு ஆண்டு ஊர் திரும்பியபோது, அவர்களிடம் விதைநெல் ஒரு பிடியும் இல்லை. கடனுக்கு அலைந்தே விதைத்தனர்.

இன்று சங்கங்களின் கணக்கேடுகளைப் பரிசோதிக்கையில், விதைநெற் சேமிப்பு உண்டா என்பதையே முதலிற் பார்க்கின்றோம். பல ஏடுகளில் அப்பக்கம் வெறுமையாயுள்ளது. அறுவடை முடிந்ததும் அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு புசல் நெல்லைச் சங்கக் களஞ்சியத்தில் இட்டால், போரோ வெள்ளமோ வரட்சியோ வந்தாலும் விதைப்புக்கு வழியுண்டு. அன்று ஓர் ஏக்கர் தரிசான நட்டத்தை ஒரே வீடு சுமந்தது. அத்தகைய சுமையைப் பலர் தோளிற் பகிர்வதற்கன்றோ சங்கம் அமைத்தோம்?