சுவர் முழுக்க தாத்தா பேர்... 108 வருஷம் காத்திருந்த பேஸ்பால் குடும்பங்கள்!

2016 நவம்பர் முதல் வாரம். சிகாகோவில் இருக்கும் ரிக்லி ஃபீல்டு ஸ்டேடியத்தின் வெளிச்சுவர் முழுக்க, கலர் கலரா சாக்பீஸ் எழுத்துகள். ஜெயிச்ச வீரர்களோட பேரா இருக்கும்னுதானே நினைப்பீங்க? நிறைய பேர் எழுதினது அவங்க தாத்தா, பாட்டி, அப்பா பேரை. அதுவும், இந்த வெற்றியைப் பார்க்காமலேயே இறந்துபோனவங்களோட பேரை!

விஷயம் இதுதான். அமெரிக்க பேஸ்பாலில் சாம்பியன் யார்னு முடிவு பண்றது வேர்ல்டு சீரிஸ். சிகாகோ கப்ஸ் டீம் அதை 1908-ல் ஜெயிச்சது. அடுத்து ஜெயிச்சது 2016-ல். நடுவில் 1945-க்கு அப்புறம் ஃபைனல் பக்கமே எட்டிப் பார்க்கலை. தாத்தா காத்திருந்தார், அப்பா காத்திருந்தார், பிள்ளையும் காத்திருந்தது.

இப்படித் தோத்துக்கிட்டே இருக்கிற டீமை எதுக்குப் பேரப்பிள்ளைங்க தலையிலும் கட்டணும்? நியாயமான கேள்விதான். ஆனா, பேஸ்பால் குடும்பத்துக்குள்ள இறங்குற விதமே தனி. ஒரு டீமுக்கு ஒரு சீசனில் 162 மேட்ச். வசந்த காலத்தில் ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும், கிட்டத்தட்ட தினமும் ஒண்ணு. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் பேச நேரம் கிடைக்கும். சமையல்கட்டில் ரேடியோ ஓடிக்கிட்டே இருந்தா போதும்.

கப்ஸுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ரிக்லி ஃபீல்டில் 1988 ஆகஸ்ட் வரைக்கும் லைட்டே கிடையாது. (1941-லேயே லைட் போட இரும்பெல்லாம் வாங்கிட்டாங்க. உலகப்போரில் அமெரிக்கா இறங்கினதும் அதைப் போருக்குக் கொடுத்துட்டார் ஓனர்!) அதனால சொந்த ஊர் மேட்ச் எல்லாமே பகலில்தான். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளை டி.வி-யைப் போட்டா, மேட்ச் ஓடிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பாங்க? அப்பா வேலையில் இருப்பார். தாத்தா, பாட்டிதான் பக்கத்துல.

அவங்க முதலில் சொல்லிக் கொடுக்கிறது பெரும்பாலும் ஸ்கோர் எழுதத்தான். மைதானத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். பந்து எறியும் பிட்ச்சர் 1, அவருக்கு எதிரே பிடிக்கும் கேட்ச்சர் 2. '6-4-3'னு எழுதினா, ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடிச்சு செகண்ட் பேஸ்மேனுக்கு எறிய, அவர் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு எறிய, ரெண்டு பேர் அவுட். மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட்டானா 'கே'. கடைசி பந்துக்கு பேட்டை வீசாம சும்மா நின்னு அவுட்டானா, அதே எழுத்தைத் திருப்பிப் போடணும். இந்தக் கணக்கு தெரிஞ்சவங்க, தாத்தா பென்சிலில் எழுதின பழைய அட்டையை இன்னைக்கு எடுத்தாலும் அந்த மேட்ச்சை அப்படியே படிக்கலாம். எந்த இடத்தில் தாத்தா கோபத்தில் பென்சிலை அழுத்தியிருக்கார்னு கூடத் தெரியும்!

2016 ஃபைனலின் ஏழாவது மேட்ச், கிளீவ்லேண்டில் நடந்தது. 6-3னு முன்னாடி இருந்த கப்ஸை, எட்டாவது இன்னிங்ஸில் 6-6னு பிடிச்சுட்டாங்க. 'போச்சுடா... வழக்கம்போலத்தான்'னு சிகாகோவே தலையில் கை வெச்சது. அப்புறம் 17 நிமிஷம் மழை. திரும்ப வந்து, பத்தாவது இன்னிங்ஸில் 8-7னு ஜெயிச்சாங்க.

அந்த ராத்திரி ஒரு மகன், பல மணி நேரம் கார் ஓட்டி அப்பாவோட கல்லறைக்குப் போய், பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து கமென்ட்ரி கேட்டார். கப்ஸ் ஃபைனலுக்கு வந்தா சேர்ந்து கேட்கணும்னு ரெண்டு பேரும் எப்பவோ பேசி வெச்சதாம்.

சுவரில் இருந்தது வெறும் சாக்பீஸ்தான். சீக்கிரமே அழிஞ்சுபோச்சு. அன்னைக்குத் தோத்த கிளீவ்லேண்ட் டீம் கடைசியா வேர்ல்டு சீரிஸ் ஜெயிச்சது 1948-ல். அந்த ஊர்த் தாத்தாக்களும் பேரப்பிள்ளைங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டுத்தான் மேட்ச் பார்த்துட்டு இருக்காங்க.