கரண்ட் பிடிக்கும் நாட்களில்

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவதை எமது மக்கள் 'கரண்ட் பிடித்தல்' என்பார்கள். தெல்லிப்பளையில் இவ்வசதி வந்துவிட்டபோதிலும், மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோர் இன்னும் உள்ளனர். வன்னியிலிருந்து வருவோர் தெஹிவளையில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கி, வாரத்தில் 5 நாட்களாகப் பல வாரங்கள் பஸ்ஸில் போய்வருகிறார்கள்.

தொல்லைகள் முதல் நாளே வருவதில்லை. இரண்டாம், மூன்றாம் வாரமளவில் கதிர் பட்ட இடத்துத் தோல் சிவந்து, கறுத்து, சிலருக்கு உரியும். "உடம்பு எரிந்துபோகிறது, போதும்" என்று நிறுத்துவோரும், காலபோக விதைப்புக்கென ஊருக்குப் போய்விடுவோரும் உண்டு. இதுவே எமக்குப் பெருங்கவலை. இடையில் நாட்கள் தவறினால் நோய்க் கலங்கள் மீண்டும் பெருக இடமுண்டு. சிகிச்சையின் பலன் குறையும். வயலை வேறொருவர் விதைக்கலாம்.

தோலை வெறும் நீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். மையால் இட்ட கோடுகள் அழியக்கூடாது. தைலம், மஞ்சள், நாட்டெண்ணெய் எதுவும் வைத்தியரைக் கேளாமல் பூசவேண்டாம். தளர்ந்த பருத்தி உடையே நல்லது.

வாய், தொண்டையில் கதிர் படுவோரின் பாடு கடினம். எங்கள் நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்று அதிகம். வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணம். சிகிச்சைக் காலத்தில் "ஒரு வாய் மட்டும்" என்பதும் கூடாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, நாளுக்குப் பலமுறை கொப்பளித்துத் துப்புங்கள். மிளகாய்த்தூள் சேராத சொதியுடன் குழைந்த சோறு, கஞ்சி, அவித்த முட்டை, தயிர் என்பவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பல் பிடுங்குவதானால் தொடங்குமுன்பே வைத்தியரிடம் சொல்லவேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம்.

அடிவயிற்றில் கதிர் பட்டால் வயிற்றோட்டம் வரலாம். ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். நிற்காவிட்டால் தாதியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டினாலோ, நீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ அன்றே போகவேண்டும்.

சிறிய அறையில் பிள்ளைகளை நோயாளியிடமிருந்து விலக்கிவைப்பதைக் காண்கிறோம். வெளியிலிருந்து இயந்திரத்தால் பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. தாய் தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கலாம்.

சிகிச்சை முடிந்த பின்னரும் ஓரிரு வாரங்கள் தோல் மோசமாகலாம். களைப்பு அதனினும் நீடிக்கும். மார்பிலோ கழுத்திலோ கதிர் பட்டவர்கள் மருந்து தெளிக்கும் தாங்கியைத் தோளில் மாட்டவேண்டாம். பட்டி உரசிப் புண்ணாகும். வெயிலில் இறங்கும்போது அவ்விடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.